எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம், முழங்கால் மட்டும் நழுவுகிறது

2023 ஜூன் 4, காலை (கேட்டவர்: ரைடர்23)

வயது 23. கபடி ஆடுகிறேன். மூன்று வாரம் முன்பு ரைடு போய்த் திரும்பும்போது இடது கால் தரையில் ஊன்றியபடியே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். ஒரு மணி நேரத்தில் முட்டி வீங்கி உருண்டுவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்கு, ஒன்னுமில்லை" என்று மாத்திரையும் கிரேப் பேண்டேஜும் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. நேராக நடந்தால் வலி இல்லை. சட்டென்று திரும்பினால் முட்டி நழுவுகிறது. எக்ஸ்ரேக்குக் கொடுத்த காசு தண்டம் என்றுதான் நினைக்கிறேன். முழங்காலோ கணுக்காலோ, அடிபட்டால் நேராக எம்ஆர்ஐதான் எடுக்க வேண்டும். சரிதானே?

2023 ஜூன் 4, இரவு

22 வருடமாக எக்ஸ்ரே எடுப்பதுதான் என் வேலை. அதனால் பதில் எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி சரி. எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. ஜவ்வும் குருத்தெலும்பும் அதில் தெரியாது. "எலும்பில் முறிவு தெரியவில்லை" என்று சொல்லி அனுப்பியிருந்தால் நீங்கள் அடுத்து என்ன என்று கேட்டிருப்பீர்கள். "ஒன்னுமில்லை" என்றதால் மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டீர்கள். நானும் ஒரு காலத்தில் அந்த வார்த்தையை எத்தனையோ பேரிடம் சொன்னவன். இப்போது சொல்வதில்லை.

நீங்கள் எழுதிய நாலு வரியிலேயே முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. ஊன்றிய கால், திரும்பிய உடம்பு, சத்தம், ஒரு மணி நேரத்துக்குள் வீக்கம், அப்புறம் இந்த நழுவல். அவ்வளவு வேகமாக வீங்கினால் மூட்டுக்குள் சேர்ந்தது பெரும்பாலும் ரத்தம். மெனிஸ்கஸ், அதாவது முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்புத் தட்டு, அது மட்டும் கிழிந்தால் வீக்கம் மெதுவாக, மறுநாள் வாக்கில் வரும். எனக்கு ஏசிஎல் மேல்தான் சந்தேகம், முட்டிக்கு நடுவில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்துக்கொண்டிருக்கும் ஜவ்வு அது. எலும்பு டாக்டரிடம் போங்கள். முட்டியை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். லாக்மன் பரிசோதனை என்பார்கள். அடிபட்ட அன்று வலியில் தசை இறுகியிருக்கும், சரியாகப் பிடிபடாது. இப்போது பிடிபடும். அதுவரை களத்தில் இறங்க வேண்டாம்.

2023 ஜூன் 5

"முழங்காலோ கணுக்காலோ" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். கணுக்காலைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அதைக் கரண்டை என்போம். மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கரண்டை வரும். வழுக்கியது, படியில் பிசகியது, வாலிபாலில் இன்னொருவர் கால் மேல் இறங்கியது. எல்லோருக்கும் படம் எடுப்போம். பெரும்பாலானவர்களுக்கு முறிவு இருக்காது.

இதே நிலைமை கனடாவிலும் இருந்திருக்கிறது. ஒட்டாவா நகரத்தில் அவசரப்பிரிவு மருத்துவர் இயன் ஸ்டீலும் அவரோடு இருந்தவர்களும் இதை உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். கணுக்கால் அடிபட்டு வந்த அனேகமாக எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு இருந்ததோ 100-க்கு 15 பேருக்கும் குறைவு. அதிலிருந்து 1992-ல் ஒரு விதியை வெளியிட்டார்கள். விரலால் அழுத்திப் பார்க்கிற விதிதான் அது. கரண்டையின் வெளிப்புற எலும்பிலும் உட்புற எலும்பிலும், பின்விளிம்பு ஓரமாக நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை அழுத்த வேண்டும். அங்கே எலும்பு மேலேயே வலித்தால் எக்ஸ்ரே தேவை. அடிபட்ட உடனேயும் நாலு எட்டு வைக்க முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் முடியவில்லை என்றாலும் தேவை. பாதத்துக்கும் இதே மாதிரி இரண்டு இடம் உண்டு. வெளிவிளிம்பில் சுண்டுவிரல் எலும்பின் அடிமுனை ஒன்று, உட்பக்கம் பாத வளைவின் உச்சியில் இருக்கும் நேவிகுலர் எலும்பு இன்னொன்று. இவை எதுவும் வலிக்கவில்லை, நடக்கவும் முடிகிறது என்றால் படம் வேண்டாம். 2003-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த விதியிடம் தப்பிய முறிவு மிக மிகக் குறைவாக இருந்தது. எக்ஸ்ரேயும் 30 முதல் 40 சதவீதம் குறையும் என்று தெரிந்தது.

நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். "எங்கே வலி?" என்று கேட்டால் வெறும் சுளுக்கு உள்ளவர்கள் அனேகமாக வெளிக்கரண்டைக்கு முன்னால், கொஞ்சம் கீழே, விரலை வைப்பார்கள். அந்த இடத்தில்தான் முன் டேலோஃபிபுலர் ஜவ்வு இருக்கிறது. கால் உள்பக்கம் மடங்கினால் முதலில் அடி வாங்குவது அது. முறிவு உள்ளவர்களுக்குப் பின்விளிம்பில் கை பட்டாலே முகம் மாறிவிடும்.

2023 ஜூன் 5, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் இரண்டு திருத்தம். நாலு எட்டு என்றால் நொண்டிக்கொண்டே வைத்தாலும் கணக்குத்தான், நன்றாக நடக்க வேண்டும் என்று இல்லை. இரண்டாவது, ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மங்கியவர்கள், குடித்துவிட்டு வந்தவர்கள், வேறு பெரிய அடியும் பட்டவர்கள், சின்னக் குழந்தைகள் ஆகியோருக்கு "அழுத்தினால் வலிக்கவில்லை" என்பதை நம்பக்கூடாது. சர்க்கரைக்காரர்களை நான் அழுத்திச் சொல்கிறேன். உடைந்த பாதத்தோடு செருப்புப் போட்டு நடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2023 ஜூன் 9

ஒருவர் கேட்டிருக்கிறார்: விரலே போதும் என்றால் உங்கள் இயந்திரம் எதற்கு என்று.

2009-ல் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். நான் அப்போது அங்கே வேலை பார்த்தேன், படம் எடுத்தது நான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் திருகிய ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். வீக்கம் கரண்டையின் உட்பக்கம். சீட்டில் 'கணுக்கால்' என்று மட்டும் எழுதியிருந்தது. நேர்ப்படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று எடுத்தேன். முறிவு இல்லை. "ஒன்னுமில்லைம்மா, சுளுக்குதான்" என்று சொன்னேன். பத்து நாள் கழித்து, ஊரில் சுளுக்கு வழிப்பவரிடம் இரண்டு தடவை நீவிவிட்டு, முன்னைவிட மோசமாகி வந்தார்கள். அன்று இருந்த மூத்த டாக்டர் கரண்டையைத் தொடவே இல்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் அழுத்தினார். அந்த அம்மா அலறிவிட்டார்.

முறிவு அங்கே இருந்தது, கீழ்க்காலின் வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் மேல்பகுதியில், சுருளாக. கரண்டையில் ஏறிய முறுக்கு உட்பக்க ஜவ்வைக் கிழித்து, இரண்டு கீழ்க்கால் எலும்புகளுக்கும் நடுவில் இருக்கும் சவ்வின் வழியாக மேலே போய், முழங்காலுக்குக் கீழே வெளியேறியிருக்கிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் மெசொனேவ் 1840-லேயே விவரித்த முறிவு இது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்த அம்மாவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு கணுக்கால் என்று சீட்டு வந்தால் மூன்று படம் எடுக்கிறேன். மூன்றாவதுக்கு மார்ட்டிஸ் படம் என்று பெயர். பாதத்தை 15, 20 டிகிரி உள்பக்கம் திருப்பி வைத்து எடுப்பது. கரண்டை மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் டேலஸ் எலும்பைச் சுற்றி மூன்று பக்கமும் இடைவெளி ஒரே அளவாகத் தெரிய வேண்டும். உட்பக்கம் 4 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தால் ஜவ்வு அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உட்பக்கம் வீங்கி, வெளிக்கரண்டையில் முறிவே தெரியாத கால் என்றால் முழங்கால் வரை அழுத்திப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் போய் நிற்பேன். சில டாக்டர்களுக்கு அது பிடிக்காது. பரவாயில்லை.

ஆகவே, விரலும் வேண்டும், இயந்திரமும் வேண்டும். விரல் எங்கே போகச் சொல்கிறதோ அங்கே இயந்திரம் போக வேண்டும்.

2023 ஜூன் 10

ரைடர் தம்பிக்குத்தான் இது. முழங்கால்.

ஒட்டாவாக்காரர்கள் 1995-ல் முழங்காலுக்கும் விதி சொன்னார்கள். வயது 55 அல்லது அதற்கு மேல், சில்லில் மட்டும் வலி, ஃபிபுலாவின் தலையில் வலி, 90 டிகிரிக்கு மடக்க முடியாமை, நாலு எட்டு வைக்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அன்று உங்களால் மடக்கவோ நடக்கவோ முடிந்திருக்காது. ஆக, எடுத்தது சரிதான்.

முழங்கால் எக்ஸ்ரேயில் முறிவுக்கோடு தவிரப் பார்க்க வேண்டியவை உண்டு. காலை நீட்டிப் படுக்க வைத்து, கதிரைத் தரைக்கு இணையாகப் பக்கத்திலிருந்து அனுப்பி ஒரு படம் எடுப்போம். எலும்பு மூட்டுக்குள் விரிசல் விட்டிருந்தால் மஜ்ஜையிலிருந்து கொழுப்பு கசிந்து ரத்தத்தின் மேல் மிதக்கும். குழம்பில் எண்ணெய் தெளிந்து நிற்குமே, அதே மாதிரி. படத்தில் சில்லுக்கு மேலே நேராக ஒரு கோடு விழும். விரிசல் கண்ணுக்கே தெரியாவிட்டாலும் அந்தக் கோடு இருந்தால் உள்ளே முறிவு இருக்கிறது என்று பொருள், சி.டி. எடுக்கச் சொல்வார்கள். வழக்கமான முறையில், கால் ஒருக்களித்துக் கிடக்க மேலிருந்து கதிர் விட்டால் இந்தக் கோடு தெரியாது. எடுக்கிற கோணத்தில் இருக்கிறது விஷயம்.

இன்னொன்று, சேகோண்ட் முறிவு. கீழ்க்கால் எலும்பின் வெளிப்பக்க மேல்விளிம்பில், மூட்டுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, நொய்யரிசி அளவுக்கு ஒரு துணுக்கு பெயர்ந்திருக்கும். நேர்ப்படத்தில்தான் தெரியும். அது இருந்தால் ஏசிஎல் அறுந்திருக்க மிக அதிக வாய்ப்பு. போல் சேகோண்ட் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் இதை 1879-ல் விவரித்தார், இறந்தவர்களின் முழங்காலை முறுக்கிப் பார்த்து. ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல். படம் எடுக்க வழியே இல்லாத காலத்தில், வெறும் கையாலும் கத்தியாலும் ஒரு மனிதர் இதைப் பார்த்திருக்கிறார். எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

உங்கள் ஃபிலிமை இங்கே போட வேண்டாம், போனில் எடுத்த படத்தை வைத்து நான் எதுவும் சொல்லக்கூடாது. டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.

2023 ஜூன் 18

ரைடர் தம்பியின் முட்டியை டாக்டர் இழுத்துப் பார்த்து "நிற்கவில்லை" என்று சொல்லிவிட்டாராம், எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்திருக்கிறாராம். தம்பி பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயில் வருவது போன்ற கதிர்வீச்சு அதில் கிடையாது. பெரிய காந்தம், ரேடியோ அலை, அவ்வளவுதான். உடம்பில் இருக்கும் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் திருப்பி அனுப்பும் சமிக்ஞையைப் படமாக்குகிறார்கள். நல்ல ஜவ்வு கறுப்பாக, கயிறு போலத் தெரியும். கிழிந்த இடத்தில் வெள்ளை புகுந்திருக்கும். அரை மணி நேரம் போல ஆகும். கடகடவென்று சத்தம் வரும், காதுக்கு அடைப்புக் கொடுப்பார்கள். கால் அசையக்கூடாது, அசைந்தால் படம் கலங்கிவிடும். சாதாரண முழங்கால் ஸ்கேனுக்கு ஊசி மருந்து தேவைப்படாது.

அரைஞாண், தாயத்து, மிஞ்சி, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாயத்துக்குள் என்ன தகடு இருக்கிறதென்று கட்டியவருக்குத்தான் தெரியும். கழற்ற மனமில்லாத பெரியவர்களிடம் "பத்திரமாக நானே வைத்திருக்கிறேன்" என்று கைநீட்டி வாங்கிக்கொள்வேன். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டிருந்தாலோ முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெல்டிங், லேத் வேலை பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2023 ஜூன் 19

எம்ஆர்ஐயும் சில இடத்தில் ஏமாற்றும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் காந்தப்புலத்துக்கு 55 டிகிரி கோணத்தில் வந்தால் நல்ல நாணே வெள்ளையாகத் தெரியும். வெளிக்கரண்டையைச் சுற்றி வளைந்து போகும் நாண்களில் இது அடிக்கடி வரும். படிக்கத் தெரிந்தவர் வேறு முறையில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுத்தான் கிழிசல் என்று எழுதுவார்.

குதிகால் நரம்பு அறுந்தது என்று ஊரில் சொல்வோமே, அக்கிலிஸ் தசைநாண், அதற்கு எம்ஆர்ஐ வரை போகத் தேவையில்லாமலே முடிந்துவிடும். குப்புறப் படுக்கச் சொல்லிக் கெண்டைக்காலைப் பிசைந்தால் பாதம் அசைய வேண்டும். அசையாவிட்டால் அறுந்திருக்கிறது. சந்தேகம் என்றால் அல்ட்ராசவுண்ட். செலவும் குறைவு, காலை அசைத்துக்கொண்டே பார்க்கலாம். ஆனால் முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல்லுக்கு அது உதவாது.

2023 ஜூலை 2

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஏசிஎல் முழுதாக அறுந்திருக்கிறது, உள் மெனிஸ்கஸிலும் கிழிசல். தம்பி மனம் உடைந்து எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே மூன்று பேர் "எனக்கும் மெனிஸ்கஸ் கிழிசல் என்று போட்டிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். மூவருக்கும் வயது 50-க்கு மேல்.

அவர்களுக்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 61 வயதில், கோலம் போட உட்கார்ந்து எழும்போது முழங்கால் வலி. அடி எதுவும் படவில்லை. நான் ஊரில் இல்லாத நேரத்தில் யாரோ சொல்லி எம்ஆர்ஐ எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் கிழிசல். அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார், நடந்தால் இன்னும் கிழியும் என்று.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள், முழங்கால் வலி இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காமல். ஆய்வு 2008-ல் வந்தது. மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ எதுவுமே இல்லை. அந்த வயதில் கிழிசல் என்பது நரைமுடி மாதிரி. அம்மாவுக்கு நின்றபடி ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தேன். உடம்பின் பாரம் இறங்கும்போது மூட்டு இடைவெளி குறுகியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. தேய்மானம். படுத்து எடுத்தால் அது பாதி மறைந்துவிடும். தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் மறுபடி கோயிலுக்கு நடந்தார்.

பின்லாந்தில் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். வயதால் வந்த கிழிசல் உள்ள, 35 முதல் 65 வயதுக்குட்பட்ட 146 பேர். ஒரு பாதிக்குக் கிழிந்த பகுதியை வெட்டிச் சீர்செய்தார்கள். மறு பாதிக்குத் துளை போட்டு உள்ளே பார்த்ததோடு சரி, எதையும் வெட்டவில்லை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தார்கள். 2013-ல் வெளியானது.

2023 ஜூலை 3

நேற்று எழுதியதை ஒருவர் "மெனிஸ்கஸுக்கு ஆபரேஷனே தேவையில்லை" என்று எடுத்துக்கொண்டார். நான் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அது வயதால் வந்த கிழிசலுக்கு. இளம் வயதில் அடிபட்டு, கிழிந்த துண்டு நடுவில் மடங்கிச் சிக்கிக்கொண்டு, முட்டியை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டால் காத்திருக்கக்கூடாது. தைக்க முடிகிற கிழிசலை நாள் கடத்தினால் தைக்க முடியாமல் போய்விடலாம். ரைடர் தம்பியுடையது அடியால் வந்த வகை. 61 வயது அம்மாவும் 23 வயதுப் பையனும் ஒரே வார்த்தையை ரிப்போர்ட்டில் வாங்குகிறார்கள், சிக்கல் அங்கேதான்.

நம் பேச்சும் குழப்பத்தைக் கூட்டுகிறது. ஏசிஎல்லும் ஜவ்வு, மெனிஸ்கஸும் ஜவ்வு. "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று கேட்டுவிட்டு வந்தால், எந்த ஜவ்வு, முழுசாகவா பாதியா, தானாக வந்ததா அடியால் வந்ததா என்று மூன்றையும் திரும்பக் கேளுங்கள்.

2023 ஆகஸ்ட் 20

போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்கள் இந்த மாதம் நிறைய வந்தார்கள். கீழ்க்கால் எலும்பில் ஒரு விரல் வைக்கிற இடத்தில் வலி, ஓட ஓடக் கூடுகிறது, எக்ஸ்ரே சுத்தம். எலும்பில் மயிரிழை விரிசல் விழ ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. எம்ஆர்ஐயில் தெரியும். பணம் இல்லாவிட்டால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தால் ஆறும் எலும்பு கோடாகத் தெரியக்கூடும். "படம் சுத்தமா இருக்கு, ஓடு" என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இதைப் படித்தால் நல்லது.

2024 மே 12

பத்து மாதம் கழித்து ரைடர் தம்பி வந்திருக்கிறார். சென்ற ஆகஸ்டில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. தொடையின் பின்பக்க நாணை எடுத்து புது ஏசிஎல் வைத்து, மெனிஸ்கஸையும் தைத்திருக்கிறார்கள். மறுபடி ஆடலாமா என்று தெரிந்துகொள்ள எம்ஆர்ஐ எடுக்கட்டுமா என்று கேட்கிறார்.

அதற்காக வேண்டாம் தம்பி. புது ஜவ்வு முதல் வருடத்தில் வேர் பிடித்துக்கொண்டிருக்கும், படத்தில் வெளுப்பாகத் தெரிவது வழக்கம். அதைப் பார்த்துப் பயந்துவிடுவீர்கள். இரண்டு தொடையின் பலத்தையும் அளந்து, ஒற்றைக்காலில் தாண்ட வைத்து, இறங்கும்போது முட்டி உள்ளே மடிகிறதா என்று பிசியோ பார்க்கட்டும். ஒன்பது மாதம் கடந்துவிட்டது நல்லது, ஆனால் மாதக்கணக்கு மட்டும் போதாது.

அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அந்த முதல் நாள் ஃபிலிமை விளக்கில் மாட்டி, கீழ்க்கால் எலும்பின் வெளிவிளிம்பைப் பேனா முனையால் காட்டினாராம். நொய்யரிசி அளவுக்கு ஒரு துணுக்கு, ஒதுங்கி நின்றிருக்கிறது. சேகோண்ட். தண்டம் என்று தம்பி சொன்ன அந்தப் படத்தில் முதல் நாளே இருந்திருக்கிறது.

2024 மே 13

நேற்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தை எடுத்தவன் நானாக இருந்திருந்தால் பார்த்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். 2009-க்கு முன்னால் என்றால் பார்த்திருக்க மாட்டேன். இன்று காலை வேலைக்கு வந்ததும், புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு ஒரு பழைய முழங்கால் படத்தைத் திரையில் பெரிதாக்கி, அந்த விளிம்பைக் காட்டினேன். முதலில் இருவருக்கும் தெரியவில்லை. வெளிச்சத்தைக் குறைத்ததும் அந்தப் பெண் பிள்ளை திரையில் விரலை வைத்தது.

ரைடர் தம்பி, அந்த ஃபிலிமை மடக்காமல், வெயில் படாமல் வைத்திருங்கள்.